பழைய மோட்டார் சைக்கிள்: எரியூட்டுக் கோளாறும் பழுதறியும் முறையும்

புதிய பொருள்களை உற்பத்தி செய்வது எவ்வளவு இன்றியமையாததோ, உள்ள பொருள்களைப் பழுதின்றிப் பேணுவதும் அவ்வளவு இன்றியமையாதது. பேணும் திறன் குறையுமிடத்தில் முதலீடு வீணாகிறது. ஹைதராபாத்தின் பாலாநகர் போன்ற தொழிற்பகுதிகளில் இவ்வுண்மை எளிதில் விளங்கும். கூட்டுறவுத் தொழிற்பேட்டையும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் நிறைந்த இப்பகுதியில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியுடன் 1968இல் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பெற்றது. துல்லியமாக அளந்து செய்வதே இங்குள்ள தொழில்களின் உயிர்நாடி. பழைய மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்ப்பதற்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட், 1996 வரை மைசூரில் இயங்கிய ஆலையின் ஜாவா, யெஸ்டி ஆகியவை ஒரு தலைமுறையின் உழைப்புக்குத் துணை நின்றவை. இன்றும் ஓடும் இத்தகைய வண்டிகள் வழியில் நின்றுவிடப் பெரும்பாலும் எரியூட்டு அமைப்பே காரணமாகிறது.

அமைப்பு இயங்கும் விதம்

பழைய புல்லட்டில் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயிலின் முதற்சுற்று வழியாகச் சென்று, பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகளை அடைகிறது. எஞ்சினின் சுழற்சியால் முனைகள் பிரியும் கணத்தில் மின்னோட்டம் திடீரென அறுபடுகிறது. அப்போது காயிலின் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து, ஸ்பார்க் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. முனைகள் பிரியும்போது அங்கேயே பொறி பறந்து அவை கருகாமல் காப்பது கண்டென்சர்.

ஆராயும் வரிசை

முதலாவதாக, குறை பெட்ரோலிலா பொறியிலா என்று தெளிய வேண்டும். சில முறை உதைத்த பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உலர்ந்திருப்பது பெட்ரோல் வரவில்லை என்பதையும், நனைந்திருப்பது பொறியில் ஐயம் உண்டு என்பதையும் காட்டும்.

இரண்டாவதாக, பிளக்கை ஒயருடன் இணைத்து, எஞ்சினின் உலோகத்தில் படவைத்து உதைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடுமாதலால், பிளக் இருந்த துளைக்கு அப்பால் வைப்பது கட்டாயம். நீல நிறத்தில் சடசடக்கும் பொறி நலமானது. மெலிந்த மஞ்சள் பொறி குறையைக் காட்டும்.

மூன்றாவதாக, அம்மீட்டரைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினை மெதுவாகச் சுழற்றினால், முனைகள் சேரும்போது முள் விலகும், பிரியும்போது திரும்பும். முள் அசையவே இல்லையெனில் முனைகளில் அழுக்கோ, மின்வழியில் அறுபாடோ இருக்கலாம். விலகியே நின்றால் முனைகள் பிரியவில்லை, அல்லது எங்கோ மின்கசிவு உள்ளது எனக் கொள்ளலாம்.

நான்காவதாக, முனைகளைத் துடைத்து, அவை முழுதும் விரியும் நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். புல்லட்டுக்கு இது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் முனைகள் முன்னதாகவே பிரிந்து, பொறி விழும் நேரமும் முந்திவிடும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த பின்னரே டைமிங்கைத் தொட வேண்டும். டைமிங் மிக முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும். பிந்தினால் இழுவை குறைந்து எஞ்சின் சூடேறும்.

தோற்றமும் காரணமும்

கெட்டதாகத் தோன்றும் உறுப்பே எப்போதும் குற்றவாளியன்று. முனைகள் கருகியிருந்தால் புதியவற்றை மாட்டி அனுப்புவது எளிது. ஆனால் கண்டென்சர் கெட்டிருந்தால் புதிய முனைகளும் விரைவில் கருகும். நல்லதெனத் தெரிந்த வேறொரு கண்டென்சரைப் பொருத்திப் பார்த்தால் ஐயம் தீரும். அதுபோலவே, குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் கிளம்பும் வண்டியில் காயிலையும் ஐயுற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்வது நலம். இரண்டை ஒருசேர மாற்றினால் வண்டி ஓடலாம், காரணம் மறைந்துவிடும்.

சோதனைகளுக்குச் செலவு சிறிது. ஊகத்தால் வாங்கும் உதிரிகளுக்கோ பணம் போகும். வண்டியை நம்பி ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியும் போகும்.

காக்க வேண்டிய திறன்

2021இல் வெளியான மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்கள் அசல் வடிவில் பேணப்பட்டிருந்தால் தொன்மை வாகனங்களாகப் பதிவு பெறலாம். ஆயின் அவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலாகாது. அவ்வயதை எட்டாத பழைய வண்டிகளோ 15 ஆண்டு கழிந்தபின் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு உழைத்து வருகின்றன. இருவகைக்கும் தேவை பழைய அமைப்பை அறிந்த கைகளே.

மின்னணு எரியூட்டில் பழகிய இளைஞருக்குப் பாயிண்ட் புதிராக இருக்கலாம். மூத்த மெக்கானிக்குகளின் அறிவோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. தொழிற்பயிற்சி நிலையங்கள் அவர்களை அழைத்துச் சில நாள் செய்முறை வகுப்புகள் நடத்தலாம். ஒவ்வொரு பட்டறையும் குறை, சோதனை, தீர்வு என ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காரணத்தைத் தேடிக் கண்டபின் கருவியை எடுக்கும் பழக்கம் வேரூன்றினால், அது மோட்டார் சைக்கிளோடு நில்லாது எல்லாத் தொழிலுக்கும் பயன் தரும் என்பதில் ஐயமில்லை.