பாடத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

இளைஞர்களே, ஒரு கேள்வி. நாளை முதல் யாரும் வகுப்புக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்று பள்ளியில் அறிவித்தால் என்ன செய்வீங்க? எங்கள் ஞாயிறு வகுப்பில் கேட்டபோது, "நல்லா தூங்குவோம் அண்ணா!" என்றுதான் பதில் வந்தது.

அப்படி ஒரு பள்ளி உண்மையிலேயே இருக்கு. பெயர் சம்மர்ஹில். ஏ.எஸ். நீல் என்ற ஸ்காட்லாந்து ஆசிரியர் 1921-இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்கு மாற்றினார். 1927 முதல் லெய்ஸ்டன் என்ற ஊரில் நடக்கிறது. அங்கே ஆசிரியர்கள் உண்டு, கால அட்டவணை உண்டு. ஆனால் வகுப்புக்குப் போவதும் போகாததும் மாணவர் விருப்பம்.

"அப்போ ஜாலிதான்!" என்று நினைக்காதீங்க. இன்னொரு பாதியும் இருக்கு. பள்ளி விதிகளை எல்லாரும் கூடும் கூட்டத்தில்தான் முடிவு செய்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, பெரிய ஆசிரியருக்கும் ஒரே ஓட்டு. வகுப்புக்குப் போகாமல் இருக்கலாம். அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்தால் கூட்டத்தில் பதில் சொல்லியே ஆகணும்.

1999-இல் அரசாங்க ஆய்வாளர்கள் இந்த முறையைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். பள்ளியை மூட வேண்டிய நிலைகூட வரலாம் என்ற அச்சம். வழக்கு 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் விசாரணைக்கு வந்தது. சில நாளிலேயே அரசாங்கத் தரப்பு சமரசத்துக்கு வந்தது. அதை ஏற்பதா வேண்டாமா? வந்திருந்த மாணவர்கள் அந்த நீதிமன்ற அறையிலேயே தங்கள் கூட்டத்தை நடத்தி, பேசி, ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். பள்ளி பிழைத்தது.

அந்தத் தெளிவு ஒரே நாளில் வந்ததில்லை. சின்ன வயசிலிருந்தே முடிவெடுத்துப் பழகியவர்கள் அவர்கள்.

நம்ம நிலைமை என்ன? ஒன்பது வருஷம் மற்றவர்கள் சொன்னதைப் படிக்கிறோம். படிவம் நான்கு வந்ததும், "எந்தப் பாடம் எடுக்கப் போற?" என்று திடீரென்று கேட்கிறார்கள். கூட்டாளி எடுத்ததையே எடுத்துட்டு, எஸ்.பி.எம். நெருங்கும்போது திணறுகிற தம்பி தங்கைகளை நான் பார்த்திருக்கேன். குறை அவர்கள் அறிவில் இல்லை, பழக்கம் இல்லாததில்தான். கீதையில் இவ்வளவு உபதேசம் செய்த கண்ணனும் கடைசி முடிவை அர்ஜுனனிடமே விடுகிறார்.

பள்ளிப் பாடத்திட்டத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

இந்த மாதப் பயிற்சி:

1. யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை நீங்களே தேர்ந்தெடுங்க. மிருதங்கமோ, மோட்டார் பழுதுபார்ப்போ, எதுவானாலும் சரி.

2. ஏன் அது, எந்தத் தேதிக்குள், யாரிடம் காட்டப் போறீங்க என்று எழுதி வையுங்க.

3. அடுத்த மாத இளைஞர் வகுப்பின் தலைப்பை ஓட்டுப் போட்டு முடிவு செய்து, நீங்களே நடத்துங்க. சுவையாக இல்லை என்றால் ஏன் என்று கூடிப் பேசுங்க. அந்தப் பேச்சும் பாடம்தான்.