புள்ளி மறையாமல் காணொலியைச் சுருக்குவோம்

கோவளத்தில் என் வகுப்பு மாணவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா கடலிலிருந்து திரும்பிய பிறகே பிள்ளையின் கைக்கு வரும். அன்றைய டேட்டாவில் மிஞ்சியிருப்பதற்குள் பாடக் காணொலி அடங்க வேண்டும். அதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே பகிர்கிறேன்.

கணக்கு

1080பி காணொலியின் ஒரு சட்டகத்தில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 480பி-யில் 854 × 480, சுமார் 4.1 லட்சம், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கோப்பின் அளவை முடிவு செய்வது நொடிக்குச் செலவாகும் பிட்டுகள். நொடிக்கு 16 மெகாபிட் வீதம் பதிவான 5 நிமிடக் காணொலி 600 எம்.பி. இருக்கும். 1 மெகாபிட் வீதத்தில் அதுவே 37.5 எம்.பி. தான். படப்புள்ளிகளையும் குறைத்தால்தான் இந்தக் குறைந்த வீதத்தில் படம் கட்டம் கட்டமாக உடையாது.

செய்முறை

1. கணினியில் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் காணொலியைத் திறக்கவும்.
2. முன்னமைவுகளில் 'ஃபாஸ்ட் 480பி30' என்பதைத் தேர்வு செய்யவும்.
3. புதிய பெயரில் சேமிக்கவும். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். சுருக்கியதிலிருந்து பழைய தெளிவை மீட்க முடியாது.
4. வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பவும். வீடியோவாக அனுப்பினால் செயலி மீண்டும் சுருக்கிவிடும்.

எழுத்தில் கவனம்

கடற்கரையில் எடுத்த அலைகள் பற்றிய பாடத்துக்கு 480பி போதும். கரும்பலகைப் பாடத்தில்தான் சிக்கல். 4 அடி உயரப் பலகை திரையை நிறைத்தால், 480பி-யில் ஓர் அங்குலத்துக்கு 10 வரிசைப் படப்புள்ளிகளே கிடைக்கும். ஓர் அங்குல எழுத்தின் மேல் வைத்த புள்ளிக்கு ஒன்றிரண்டு வரிசைதான். அது மறைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். 'ண', 'ன' சுழிகளும் ஒன்றுபோலத் தெரியும். எழுதப் பழகும் குழந்தை அதைத்தான் பார்த்து எழுதும். எனவே, எழுத்தை 2 அங்குலத்துக்கு மேல் எழுதுகிறேன். பலகையின் பாதியை மட்டும் படமெடுக்கிறேன். நுண்ணிய வரைபடம் இருந்தால் 720பி வைத்து, காணொலியை 2 நிமிடத்தில் முடிக்கிறேன்.

அனுப்பும் முன், சிறிய திரை கொண்ட கைப்பேசி ஒன்றில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் தெரிந்தால் தயங்காமல் அனுப்பலாம்.