போர் பற்றிய வகுப்பை ஓவியத்தில் தொடங்குங்கள்

வரலாறோ அரசியல் அறிவியலோ இலக்கியமோ, போரைப் பற்றிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கலாம். முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். உலகப் போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் மாணவர்கள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். குண்டு விழுந்த தெருவில் இருந்தவர்கள் அடுத்த ஐந்து நிமிடம் என்ன செய்திருப்பார்கள் என்று கேளுங்கள். யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அங்கேதான் கலை உதவும். ஆனால் முப்பது ஸ்லைடு ஓட்டாதீர்கள். ஒரு வகுப்புக்கு ஒரு படைப்பு போதும்.

பிக்காசோவின் 'குவெர்னிக்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் ஏழே முக்கால் மீட்டர். செல்போன் திரையில் அது உறைக்காது. டேப்பைப் பிடித்து வகுப்பறைச் சுவரில் அளந்து காட்டுங்கள். முதல் பத்து நிமிடம் விளக்கம் வேண்டாம். என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். குதிரை, காளை, இறந்த குழந்தையோடு கதறும் தாய் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். விமானமும் குண்டும் படத்தில் இல்லை என்பதை யாராவது கவனிப்பார்கள். அப்போது சொல்லுங்கள்: 1937 ஏப்ரல் 26, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் குவெர்னிக்கா என்ற சிற்றூர், குண்டு வீசியவை ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள்.

பார்ப்பதைவிட வரையவைப்பது இன்னும் ஆழமாகப் போகும் என்பது என் உறுதியான எண்ணம். ஹிரோஷிமாவில் மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளியின் கலைப் பிரிவு மாணவர்கள் 2007 முதல் இதைச் செய்துவருகிறார்கள். அணுகுண்டுக்குத் தப்பியவர்களைச் சந்தித்து, அவர்கள் கண்ட காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறார்கள். ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். வரைந்ததைத் தப்பியவரிடம் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைக் கேட்டு, மறுபடி வரைகிறார்கள். கட்டுரை எழுதுபவர் 'பேரழிவு' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். தூரிகை பிடித்தவருக்கு அந்த வசதி கிடையாது. காலில் செருப்பு இருந்ததா, புகை எந்தப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் என்ன நிறம் என்று ஒவ்வொன்றையும் கேட்டாக வேண்டும்.

உங்கள் மாணவர்களையும் இப்படிப் போரைக் கண்ட ஒருவரைப் பேட்டி எடுத்து வரையச் சொல்லுங்கள். ஓவியம் வராதவர்கள் காமிக்ஸ் கட்டமாகவோ ஐந்து நிமிட நாடகமாகவோ செய்யட்டும். பேட்டி எடுக்க ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் ஊரிலேயே முன்னாள் ராணுவத்தினர் இருப்பார்கள். 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாகத் தப்பி வந்தவர்களின் கதை இன்னும் சில வீடுகளில் சொல்லப்படுகிறது.

ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். "நீ சொல்லும்மா" என்று எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தாதீர்கள். என்ன படம் காட்டப்போகிறீர்கள் என்று முந்தைய வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். எழுந்து வெளியே போக விரும்புபவர் போகட்டும். அதற்காக அட்டெண்டன்ஸைக் குறைக்காதீர்கள்.

மதிப்பெண்ணை ஓவியத் திறமைக்குப் போடாமல், மாணவர் கேட்ட கேள்விகளும் திருத்தங்களும் உள்ள குறிப்பேட்டுக்குப் போடுங்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் பேசி இன்டர்னலில் சேர்த்துவிடுங்கள். கடைசி மாதத்தில் போய் நின்றால், சிலபஸ் முடிந்ததா என்ற கேள்விதான் வரும்.