ஓடும் பூனையும் ஓவியக் கணக்கும்



'டாம் அண்ட் ஜெர்ரி' என்னும் கேலிச்சித்திரப் படத்தை அறியாத பிள்ளை நம் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் இருப்பது அரிது. நாம் சிறுவராயிருந்த நாளில், லயத்தில் ஒரே ஒரு வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நெருக்கியடித்து அமர்ந்து அப்படத்தைக் கண்டதுண்டு. ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத பாட்டிமாரும் எங்களோடு சேர்ந்து சிரித்தனர். அதில் பேச்சு மிகக் குறைவு. ஓட்டமும் அடியும் இசையுமே கதையைச் சொல்லிவிடும்.

அதனை இவ்வாண்டு பாடமாக எடுத்துக்கொள்ள நேர்ந்த காரணம் சற்று வருந்தத்தக்கது. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பூனைக்குட்டியின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டான். படத்தில் வரும் பூனையைப் போல அது உதறிக்கொண்டு எழுந்து ஓடும் என்று காத்திருந்தானாம். குட்டி பிழைத்தது, வால் கோணிப்போயிற்று. அவன் தந்தையார் நம்மிடம் வந்து, பெட்டியை விற்றுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படம் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பையனுக்குக் காட்டுவோம் என்றோம்.

அமெரிக்காவில் எம்.ஜி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் 1940இல் இவ்விரு விலங்குகளையும் முதன்முதலில் திரையில் ஓடவிட்டனர். அம்முதற் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். டாம் என்பது பின்னர் வந்த பெயர். 1958 வரை இருவரும் 114 குறும்படங்களை இயக்கினர். அவற்றுள் ஏழு ஆஸ்கார் விருது பெற்றன. பார்பெரா கதையைப் படங்களாக வரைந்து காட்டுவார். எந்த அடி எந்த நொடியில் விழ வேண்டும் என்று ஹன்னா கணக்கிடுவார். டாம் வலியால் அலறும் குரலும் ஹன்னாவுடையதே!

இனிக் கணக்கிற்கு வருவோம். திரைப்படச் சுருள் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் வீதம் ஓடுகிறது. ஏழு நிமிடப் படத்திற்கு 420 நொடிகள். 420ஐ 24ஆல் பெருக்கினால் 10,080. ஓர் ஓவியத்தை இருமுறை படம்பிடித்தாலும் 5,040 ஓவியங்கள் வேண்டும். ஒன்றுக்கொன்று சிறிதே மாறுபட்ட அப்படங்களை நம் கண்ணும் மூளையும் இணைத்து ஓட்டமாகக் கொள்கின்றன. இரும்புச்சட்டி விழுந்து பூனை தட்டையாகிறது. அடுத்த தாள்களில் ஓவியர் அதனை மறுபடி உருண்டையாக வரைந்துவிடுகிறார். கதவிடுக்கில் அகப்பட்ட குட்டிக்கு அந்த அடுத்த தாள் கிடைக்கவில்லை. (தோட்டத்து எலிகளைப் பிடிப்பதும் பெரும்பாலும் பூனையன்று, எண்ணெய்ப்பனைக் காட்டில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் கூகையே.)

இசையின் கணக்கை அறிய 1947இல் வெளிவந்த 'தி கேட் கான்செர்ட்டோ'வைப் பார்க்கவேண்டும். டாம் வால் நீண்ட கறுப்பு அங்கியணிந்து, லிஸ்ட் என்னும் இசைமேதையின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியைப் பியானோவில் வாசிக்கிறது. பெட்டிக்குள் உறங்கிய ஜெர்ரியைத் தந்திகளை அடிக்கும் சுத்தியல்கள் எழுப்பிவிடுகின்றன. கட்டைகளின் இடத்தில் எலிப்பொறியை வைக்கிறது எலி, விரல் அகப்படுகிறது, ஆயினும் வாசிப்பு நிற்கக் கூடாது! இறுதியில் ஜெர்ரி உள்ளிருந்து விரைவைக் கூட்டிக்கொண்டே போக, டாம் களைத்து விழ, கைதட்டல் ஜெர்ரிக்குப் போகிறது. எந்த அடியும் இசையைவிட்டு விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு இசை அமைத்த ஸ்காட் பிராட்லியின் உழைப்பை நாம் சிரிப்பில் மறந்துவிடுகிறோம்.

சிறியது பெரியதை வெல்லும் கதை நம் நாட்டிலும் உண்டு. பிலெம் நெகாரா நிறுவனத்தில் ஆனந்தம் சேவியர் உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1983இல் ஒளிபரப்பாகியது. மலேசியாவின் முதல் கேலிச்சித்திரக் குறும்படமாகக் கூறப்படும் அதன் நாயகன் சருகுமான்.

பழைய பயிற்சிப் புத்தகங்களின் ஓரத்தில் மாணவர்களை 24 பூனைகள் வரையச் செய்து, தாள்களை விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினோம். பூனை ஓடியது! "இத்தனை வரைந்தும் ஒரே நொடிதானா ஐயா?" என்று வகுப்பே முனகிற்று. அந்தப் பையன் வரைந்த பூனைக்கு வால் கோணலாக இருந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நொடிக்குத் தாள் வேண்டுமென்று இப்போது நாள்தோறும் நம் அறை வாயிலில் வந்து நிற்கிறான்.