சந்தா புதுப்பிக்கச் சொல்லும் அழைப்பு

சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும் தேவிகுளம், மூணாறு, மறையூர் மலைப்பகுதிகளிலும் தமிழ் இதழ்களை அஞ்சலில் பெற்றுப் படிப்போர் உண்டு. கடையில் கிடைக்காத இதழுக்குச் சந்தாவே வழி என்பதால், "சந்தா முடிகிறது" என்ற அழைப்பு அவர்களை உடனே பதறச் செய்கிறது. மலையாளம் சூழ்ந்த ஊரில் அழைப்பவர் நல்ல தமிழில் பேசிவிட்டால் ஐயமும் எழுவதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்குகளில், இதழ்ச் சந்தாவின் பெயரால் சுமார் 30 கோடி டாலர் பறிக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. பாதிக்கப்பட்டோர் 1,50,000-க்கும் மேல்; பலர் முதியோர். ஏற்கெனவே சந்தா வைத்திருந்தவர்களிடம் "தவணையைக் குறைத்துத் தருகிறோம்" என்று கூறிப் புதிய சந்தாவில் சேர்த்துவிட்டனர்.

நம்மிடம் கேட்கப்படுவது ஓடிபி அல்லது யுபிஐ ரகசிய எண். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "இன்றிரவு தானாகப் பணம் கழியும், நிறுத்த இச்செயலியை இறக்குங்கள்" என்பது இன்னொரு வகை. அட்டையிலோ யுபிஐயிலோ தானியங்கிப் பிடித்தத்தை வாடிக்கையாளரே முன்னதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பும் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

சரிபார்ப்பது எளிது. இதழ் வரும் உறையில் சந்தா எண்ணும் முடியும் மாதமும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழைத்தவர் தந்த எண்ணை விட்டுவிட்டு, இதழிலேயே அச்சாகியிருக்கும் அலுவலக எண்ணில் கேளுங்கள். யுபிஐ திரையில் இதழின் பெயருக்குப் பதிலாகத் தனிநபர் பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் போய்விட்டால் நேரமே முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஓடிபியைத் தாமே சொன்னவர் நிலை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது, தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருப்பவர்கள் இழப்பது இந்த இடைவெளியில்தான். வீட்டில் யார் திட்டுவார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வங்கியை அழைத்துக் கணக்கைத் தடுக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.