டீக்கு வர்றியா என்று கேட்பார்கள்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் முதல் தடவை நடக்கப்போகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். லேத், மில்லிங் எல்லாம் ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பக்கத்து மெஷின்காரரோடு எவ்வளவு ஒட்டுவது, எவ்வளவு விலகுவது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. நான் கூட்டம் பிடிக்காத ஆள். டூல் ரூமிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ஆனாலும் எஸ்டேட் பக்கம் போனால் இன்றைக்கும் நாலு பேர் வண்டியை நிறுத்திப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கும்.

1. தனியாக இருக்கப் பிடிக்கும் என்றால் அதை ஒளிக்காதே. புதுப் பையன்கள் பலர் செய்வது என்னவென்றால், சாப்பாடு முடிந்ததும் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நழுவுவது, இல்லையென்றால் ஸ்டோர்ஸ் பின்னால் போய் நிற்பது. இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட இருப்பவர்கள் தலைக்கனம் என்பார்கள். சூப்பர்வைசர் வேறு மாதிரி சந்தேகப்படுவார். அதற்குப் பதிலாக முதல் வாரமே, “சாப்பிட்டதும் கால் மணி நேரம் அந்த வேப்பமரத்தடியில படுத்துடுவேண்ணே” என்று சொல்லிவிடு. தினமும் அதே இடம், அதே நேரம். கொஞ்ச நாளில், “அவன் படுத்திருக்கான், அப்புறம் பேசு” என்று உன் சீனியரே மற்றவர்களைத் தடுப்பார். மறைத்து எடுத்த தனிமைக்குக் கெட்ட பேர் வரும். சொல்லி எடுத்ததற்குக் காவல் கிடைக்கும்.

2. பத்து மணி டீக்குப் போ. டீ பிடிக்காவிட்டாலும் போ. கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டிப் பக்கம் கவனித்துப் பார். யூனிபார்ம் முழங்கையில் கிரீஸ், ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் பேப்பரில் எண்ணெய் ஊறிய மசால் வடை. பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கும். நடுவில் ஒருவர், “மூணாம் நம்பர் பிரஸ்ல கிளட்ச் வழுக்குதுடா, பார்த்து” என்று போகிற போக்கில் சொல்வார். அந்த ஒரு வரி லாக் புத்தகத்தில் ஏறாது. எந்த கான்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடிக்கிறார், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் எல்லாமே அங்கேதான். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உன் முறை வரும்போது காசு கொடுத்துவிடு, அவ்வளவுதான்.

3. பிரஸ் ஷாப்பில் வேலை என்றால் உன் காதை நினை. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதி இருக்கிறது. விதி சுவரில் ஒட்டியிருக்கும், சத்தம் அதன்பாட்டுக்கு இருக்கும். ஷிப்ட் முடிந்து வரும்போது யார் பேசினாலும் எரிச்சல் வருகிறதா? அது உன் குணக்கேடு இல்லை, காது களைத்திருக்கிறது. அந்த நேரத்தில் பேசாமல் இருப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஆனால் ரயில் ஏறியதும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அதை ஓய்வு என்று சொல்லாதே. அரக்கோணம் யூனிட் ரயிலில் சீட்டாடுகிற கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்.

4. இந்த இடங்களில் தனிமை கிடையாது: டை மாற்றும்போது, எலக்ட்ரிகல் பேனலைத் திறக்கும்போது, டேங்குக்குள் இறங்கும்போது. இரண்டாவது ஆள் வரவில்லையா, நின்றுவிடு. யார் கை டைக்குள் இருக்கிறதோ அவர் பையில்தான் பிரஸ்ஸின் சாவி இருக்க வேண்டும். ரிலீவர் வந்ததும் அவரிடம் ஐந்து நிமிஷம் வாயைத் திறந்து பேசு. “புக்குல எழுதியிருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஓடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

5. ஆவடிக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, கூடவே குவார்ட்டர்ஸும் வந்தது. அம்பத்தூர்க்காரர் ஷிப்ட் முடிந்தால் கொரட்டூருக்கோ திருநின்றவூருக்கோ போய்விடுவார், மறுநாள்தான் முகம் பார்க்க வேண்டும். குவார்ட்டர்ஸில் மேல்வீட்டுக்காரர் உன் செக்‌ஷன்காரர், அவர் பையன் உன் பையனோடு படிக்கிறான், கோயிலில் முன்வரிசையில் உன் ஃபோர்மேன். காலையில் வேலையில் வந்த மனஸ்தாபம் ராத்திரி தண்ணீர்க் குழாயடி வரைக்கும் வரும். அங்கே குடியிருந்தால் வேலைப் பேச்சை வாசற்படிக்கு வெளியே வை. முடிந்தால் வாரத்துக்கு ஒருநாளாவது சொந்தக்காரர் வீட்டுக்கோ சும்மா கோயம்பேடு பக்கமோ போய்விட்டு வா.

6. சாப்பாட்டு மேஜையில் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் அவராக விலகினாரா, மற்றவர்கள் விலக்கினார்களா என்று பார். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பதை வைத்து ஆளை எடைபோடுகிற பழக்கம் நம் ஷெட்டுகளிலும் உண்டு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும். “இங்க உட்காரலாமாண்ணே?” என்று ஒரு தடவை கேள். முகம் மலர்ந்தால் தினமும் உட்கார். “பரவால்லப்பா” என்று இழுத்தால் விட்டுவிடு. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பையன்கள் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு அறையில் ஆறு பேர், ஏழு பேர், ஷிப்டுக்கு ஷிப்ட் பாய் மாற்றித் தூங்குகிறார்கள். அந்தப் பையன் மத்தியானம் ஊருக்குப் போன் போட்டு மூலையில் பேசுகிற பத்து நிமிஷம்தான் அவனுக்கென்று இருக்கிற நேரம். தமிழ் கற்றுக்கொடுக்கிறேன் என்று அங்கே போய் நிற்காதே.

7. கூட்டம் கூடிப் பேசுவதே வெட்டி வேலை என்று என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. அது தப்பு. இதே ரயில் பாதையில் பெரம்பூரை எடுத்துக்கொள். அந்தக் காலத்தில் பி அண்டு சி மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஒரு பக்தி சபையில் கூடுவார்கள். அங்கே சொந்தக் குறைகளும் பேச்சில் வந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது அதில் ஒன்று. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, பி.பி. வாடியா முயற்சியில் 1918 ஏப்ரலில் அதுவே சென்னைத் தொழிலாளர் சங்கமாக ஆனது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக்கூடாது, இடைவேளை அரை மணிக்குக் குறையக்கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் பிறகு எழுதினார்கள். நீ மரத்தடியில் தனியாகப் படுக்கிற கால் மணியும் கூட்டமாகக் கேட்டு வாங்கியது. கேட் மீட்டிங் என்றால் போய் நில்.

8. கல்யாணத்துக்கு மொய் போதும். சாவுக்கு நேரில் போ. ஆயுத பூஜைக்கு லீவு போடாதே, பொரியும் பூசணிக்காயும் வருஷத்துக்கு ஒருநாள்தான்.

9. தங்கச்சிகளுக்கு ஒன்று. ராத்திரி ஷிப்ட் கேபில் பேசப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம், ஆனால் உண்மையிலேயே தூங்கிவிடாதே. கடைசியாக இறங்குகிற ஆள் நீயாக இருந்தால் முன்னால் இறங்குகிற பெண்ணிடம் வீடு போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுவதாகச் சொல்லிவை. டிரைவர் காதில் விழுகிற மாதிரி சொல்.

10. அப்ரண்டிஸ் முடிந்து முதல் சம்பளச் சீட்டு வந்தால் அதைத் தனியாக உட்கார்ந்து படி. யார் எவ்வளவு வாங்குகிறார் என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கினால் மனசு கெடும். ஆனால் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடித்தது சரியா, கட்டினார்களா என்பதை மட்டும் நாலு பேர் நடுவில் கேள். அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எந்த நேரத்தில் போனால் வரிசை குறைவு என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்.