அடைக்கலம் தேடி வந்தவரோடு தோழமை

அடைக்கலம் கேட்பவனுக்கு அதை அளித்து, பின்னர் அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கும்படி திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் ஆறாம் வசனம் பணிக்கின்றது. அங்கே குறிப்பிடப்படுபவன் முஸ்லிம் அல்லன், இணைவைப்போரில் ஒருவன். நம்மவருக்கு மட்டும் உதவுவோம் என்பார் இதைக் கவனிக்க வேண்டும். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களைக் காத்த நஜ்ஜாஷி மன்னரும் அப்போது கிறிஸ்தவரே. மேலும், கொண்டு சேர்த்தல் என்பது கதவைத் திறந்துவிடுவதோடு முடிவதன்று, உடன் நடப்பதாகும்.

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ அவரை வாழ்த்திவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் இன்று பிரிட்டனில் அடைக்கலம் கோரி நிற்பவருக்கு அந்தக் கடைத்தெருவே அடைபட்டிருக்கிறது. விண்ணப்பம் 12 மாதம் தீர்வின்றிக் கிடந்தாலன்றி, வேலை செய்ய அனுமதி கேட்கவும் பெரும்பாலும் வழியில்லை. அரசு தரும் செலவுத்தொகை 2024 ஜனவரியில் வாரத்துக்கு 49.18 பவுண்டு என நிர்ணயிக்கப்பட்டது. உணவு வழங்கும் விடுதிகளில் இருப்போருக்கு இதிலும் வெகு குறைவு. எனினும், காசைவிடக் கனமானது பொழுதுதான். காத்திருப்பவருக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம்!

தோழமைத் தொண்டு இங்குதான் தேவைப்படுகிறது. ஷெஃபீல்டு நகரில் 2005இல் தொடங்கிய ‘சிட்டி ஆஃப் சாங்க்சுவரி’ இயக்கம் பல ஊர்களுக்கும் பரவியது இதனால்தான்.

தொண்டு செய்ய விரும்புவோர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். ஆனால் சொன்ன நாளில் போய்ச் சேருங்கள். ஏன் வந்தீர், வழியில் என்ன நடந்தது என்று துருவாதீர்கள். அதிகாரிகளிடம் அவர் அதைச் சொல்லியே தீரவேண்டும். உங்களிடம் சொல்லும் கடமை அவருக்கில்லை. ஆங்கிலம் பேசிப் பழகுங்கள், பந்து விளையாடுங்கள், வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். அவர் தேநீர் போட்டுத் தந்தால் மறுக்காதீர்கள். உதவியதைப் படம் பிடித்துப் பறைசாற்றுவதோ, பின்னர் சொல்லிக்காட்டுவதோ தர்மத்தையே பாழாக்கும் என்பது அல்பகரா அத்தியாயம் 264ஆம் வசனம் ஓதியவர்க்குத் தெரியும்.

வழக்கு விஷயத்தில் மட்டும் யோசனை சொல்லப் புகாதீர்கள். தகுதி பெறாதவர் குடியேற்ற ஆலோசனை கூறுவது அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வழக்கறிஞர் தந்த தேதியை நினைவூட்டலாம். அலுவலக வாசல்வரை உடன் போகலாம். அவர் வெளியே வரும்வரை காத்திருக்கலாம்.